மாலை வராமல் மணம் இல்லை: கணினிப் பதிவேட்டின் நம்பகம் பற்றி

2024 ஏப்ரல் 24 அன்று ரிசர்வ் வங்கி ஓர் உத்தரவு போட்டது. கோட்டக் மகிந்திரா வங்கி இணையம் வழியாகவோ மொபைல் வழியாகவோ புதிய வாடிக்கையாளர்களைச் சேர்க்கக் கூடாது. புதிய கிரெடிட் கார்டும் வழங்கக் கூடாது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளுக்கான தகவல் தொழில்நுட்ப ஆய்வுகளில் தெரியவந்த கடுமையான குறைபாடுகளே காரணம் என்று சொன்ன ரிசர்வ் வங்கி, அவற்றை வரிசைப்படுத்தியும் காட்டியது. வரிசையில் முதலாவது, தகவல் தொழில்நுட்பச் சொத்துகளின் இருப்புக் கணக்கைப் பராமரிப்பது. அடுத்தது பேட்ச் போடுவதும் மாற்றங்களைக் கையாளுவதும். தரவுப் பாதுகாப்பு, பேரிடர் மீட்பு எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தத் தடை நீங்க 2025 பிப்ரவரி 12 வரை ஆனது. ஏறக்குறைய பத்து மாதம்.

மும்பையில் ஒரு பெரிய வங்கிக்கு வந்த சோதனை, காரைக்குடியை ஒட்டிய கோவிலூரில் இருப்பவருக்கும் தொடர்புடையதுதான். வங்கித் தொழில் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் தொடங்கியபோது காரைக்குடி, சென்னை, இரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் கிளை திறந்தார். இன்று இந்தப் பக்கத்தில் கல்லூரித் தேர்வுக் கட்டணம், மருத்துவமனையின் லேப் ரிப்போர்ட், கூட்டுறவுச் சங்கத்தின் நகைக்கடன் என்று எதை எடுத்தாலும் எங்கோ ஒரு சர்வரைத் தொட்டுத்தான் நடக்கிறது. அந்தச் சர்வர் நின்றுபோனால் முதலில் எழுகிற கேள்வி: இதில் என்னென்ன ஓடுகிறது, யாரைக் கூப்பிட வேண்டும்? அதற்கு உடனே சரியான பதில் தர வேண்டிய பதிவேட்டுக்குத் துறையில் வழங்கும் பெயர் சி.எம்.டி.பி. தமிழில் உள்ளமைவு மேலாண்மைத் தரவுத்தளம் என்று எழுதுகிறார்கள்.

எல்லா அலுவலகத்திலும் ஸ்டாக் ரிஜிஸ்டர் இருக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017, நிலையான சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்கச் சொல்கின்றன (விதி 213). ஆனால் ஸ்டாக் ரிஜிஸ்டர் சொல்வது, பொருள் இருக்கிறது, இன்ன தேதியில் இன்ன விலைக்கு வாங்கியது என்பதோடு முடிந்துவிடும். முதல் மாடியில் ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை ஞாயிற்றுக்கிழமை அணைத்து வேறு இடத்தில் மாட்டலாமா என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டியது. அதன் ஒரு போர்ட்டில் பயோமெட்ரிக் வருகைப் பதிவு, இன்னொன்றில் சி.சி.டி.வி., மற்றொன்றில் இரவு பேக்கப் எடுக்கும் பெட்டி. இவற்றுக்குள் எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற உறவை எழுதிவைப்பதுதான் சி.எம்.டி.பி.யின் வேலை. உறவு எழுதப்படாத சி.எம்.டி.பி. விலை உயர்ந்த ஸ்டாக் ரிஜிஸ்டர்தான்.

இந்தச் சிந்தனை கணினித் துறையில் பிறந்தது இல்லை. ஜெட் விமானங்களையும் ஏவுகணைகளையும் வடிவமைத்தபோது, வரைபடத்தில் இருப்பது ஒன்று, கட்டி நிற்பது வேறொன்று என்ற சிக்கலைச் சந்தித்த அமெரிக்க விமானப்படை 1960களில் இதற்கென விதிநூல் எழுதியது. எந்தப் பாகம், எந்தப் பதிப்பு, யார் ஒப்புதலோடு மாறியது என்பதைப் பதியும் அந்த ஒழுங்கு அங்கிருந்து மென்பொருளுக்கு வந்தது. 1980களின் இறுதியில் பிரிட்டிஷ் அரசின் கணினி முகமை ஐடிஐஎல் என்ற நூல்வரிசையை வெளியிடத் தொடங்கியபோது அலுவலகக் கணினிகளுக்கும் இது நெறியானது. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பு, ஒரே பெரிய தரவுத்தளம் என்ற எண்ணத்தைத் தளர்த்தி, பல பதிவேடுகளைக் கோத்த ஓர் அமைப்பு என்று பேசியது. 2019இல் வந்த நான்காவது, ஒரு தகவலைத் திரட்டவும் காக்கவும் ஆகும் செலவுக்கு ஏற்ற பயன் அதில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2016 ஜூன் 2 அன்று வங்கிகளுக்கு அனுப்பிய இணையப் பாதுகாப்புச் சுற்றறிக்கையின் இணைப்பில், அடிப்படைக் கட்டுப்பாடுகளில் முதலாவதாக இருப்பதும் சொத்துப் பட்டியல்தான். அப்படியானால் 2024 உத்தரவு, எட்டு ஆண்டுகளாக எழுத்தில் இருந்த விதியைப் பற்றியது. விதி தெரியாமல் யாரும் தடுமாறவில்லை. கடைப்பிடிப்பதில்தான் தடுமாற்றம்.

தடுமாறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்ல வேண்டும். நியூயார்க் பங்குச்சந்தையில் இயங்கிய நைட் கேப்பிட்டல் நிறுவனம் 2012 ஆகஸ்ட் 1 அன்று புதிய நிரலோடு வணிகத்தைத் தொடங்கியது. எட்டுச் சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏறியிருந்தது, ஒன்றில் ஏறவில்லை. அந்த ஒன்றில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு, வாடிக்கையாளர்களின் 212 சிறிய ஆர்டர்களுக்காக 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கு மேற்பட்ட பரிவர்த்தனைகளை நடத்திவிட்டது. நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். கோளாறு எங்கே என்று தேடியவர்கள், சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்துவிட்டார்கள். அவையும் எட்டாவதைப் போலவே ஓடத் தொடங்கின. எந்தச் சர்வரில் எந்தப் பதிப்பு என்று நம்பிப் பார்க்க ஒரு பக்கம் கையில் இருந்திருந்தால் இந்த இரண்டாவது பிழை நேர்ந்திருக்காது என்பது என் எண்ணம்.

மற்றொன்று, மக்களின் கடன் விவரங்களைத் திரட்டும் அமெரிக்க நிறுவனமான ஈக்விஃபாக்ஸ். 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் மென்பொருளில் ஓட்டை இருப்பது வெளியானதும், 48 மணி நேரத்துக்குள் பேட்ச் போடச் சொல்லி நிறுவனத்துக்குள் 400 பேருக்கு மேல் மின்னஞ்சல் போனது. ஸ்கேனும் நடந்தது. ஆனால் 1970களில் வேர்கொண்ட ஒரு பழைய வாடிக்கையாளர் முறைமையில் அதே மென்பொருள் இருப்பது அகப்படவில்லை. மே 13இல் நுழைந்தவர்கள் 76 நாள் உள்ளே இருந்தார்கள். நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் கருவி ஒன்றின் சான்றிதழ் 19 மாதமாகக் காலாவதியாகிக் கிடந்ததால் அவர்களின் தரவுப் போக்குவரத்து கண்ணில் படவேயில்லை. 14 கோடிக்கு மேற்பட்ட மக்களின் விவரங்கள் பறிபோயின. 2018 டிசம்பரில் வந்த அமெரிக்க நாடாளுமன்றக் குழு அறிக்கை சுட்டிய குறைகளில், நிறுவனத்திடம் முழுமையான சொத்துப் பட்டியல் இல்லாததும் ஒன்று. 2021 டிசம்பரில் லாக்4ஜே மென்பொருளின் ஓட்டை வெளியானபோதும் உலகம் முழுக்கத் தொழில்நுட்பப் பிரிவுகள் இதே கேள்வியோடுதான் தூக்கம் தொலைத்தன: அது நம்மிடம் எங்கே இருக்கிறது?

பதிவேடு பொய்யாவது ஒரே நாளில் நடப்பதில்லை. ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவுச் சர்வர் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஜூனில் அதன் பதிவு முழுக்கச் சரி: தயாரிப்பு எண், இயங்குதளப் பதிப்பு, பொறுப்பாளர், பேக்கப் போகுமிடம், அதைச் சார்ந்த மென்பொருள்கள். ஆகஸ்டில் இடம் போதவில்லை என்று இன்னொரு டிஸ்க் ஏறுகிறது. அக்டோபரில் இடி விழுந்து மதர்போர்டு போக, ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தின் (ஏ.எம்.சி.) பொறியாளர் வேறு போர்டு மாட்டுகிறார். கணினி சொல்லும் தயாரிப்பு எண் மாறிவிடுகிறது. டிசம்பரில் பொறுப்பாளர் வேறு துறைக்கு மாறுகிறார். பிப்ரவரியில் பேக்கப் வேறு பெட்டிக்குத் திருப்பப்படுகிறது. ஒவ்வொன்றும் அவசர வேலை. ஒவ்வொன்றும் சரியாகவே செய்யப்பட்ட வேலை. பதிவை மட்டும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். ஏப்ரலில் தேர்வு முடிவு வரும் வாரத்தில் சர்வர் படுத்தால், பதிவேட்டைத் திறப்பவர் பழைய பொறுப்பாளரைக் கூப்பிட்டு, இல்லாத இடத்தில் பேக்கப்பைத் தேடுவார். இப்படி ஒருமுறை ஏமாந்தவர் மறுபடி பதிவேட்டைத் திறக்க மாட்டார். அனுபவசாலி ஒருவரைக் கேட்பார். யாரும் திறக்காத ஏட்டை யாரும் திருத்துவதுமில்லை.

தானாகக் கண்டறியும் கருவிகள் இருக்கின்றனவே என்பார்கள். இருக்கின்றன, தேவையானவையும்கூட. சென்னையில் வளர்ந்த சோஹோவின் மேனேஜ்இன்ஜின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ், ஃபிரஷ்வொர்க்ஸின் ஃபிரஷ்சர்வீஸ் ஆகிய இரண்டிலும் சி.எம்.டி.பி. உண்டு; நெட்வொர்க்கை வருடிக் கணினிகளைப் பட்டியலிடும் வசதியும் உண்டு. இந்தக் கருவிகள் எங்கே சறுக்கும் என்று தெரிந்து வைத்துக்கொண்டு பயன்படுத்த வேண்டும். நம் ஊர்களில் அசெம்பிள் செய்த கணினிகள் அதிகம். அவற்றில் பல, தயாரிப்பு எண்ணைக் கேட்டால் 'டு பி ஃபில்டு பை ஓ.இ.எம்.' என்றே பதில் தரும். போர்டு தயாரிப்பாளர் நிரப்பாமல் விட்ட இடம் அது. எண்ணை வைத்தே அடையாளம் காணும்படி அமைத்தால், ஒரு லேபில் இருக்கும் நாற்பது கணினியும் ஒரே கணினியாகப் பதிவாகிவிடும். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு. ஒரு லேப்டாப் வைஃபையில் ஒரு நெட்வொர்க் எண்ணோடும், மேசை டாக்கில் மாட்டினால் இன்னொரு நெட்வொர்க் எண்ணோடும் தோன்றி இரண்டாகிவிடும். அதே டாக்கில் மறுநாள் வேறொருவர் தன் லேப்டாப்பை மாட்டினால் இருவர் பதிவும் குழம்பும். அணைந்திருக்கும் கருவி கண்ணுக்கே தெரியாது. இவை எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டாலும் கருவிக்குத் தெரியாதது ஒன்று மிஞ்சும். இந்தச் சர்வர் நின்றால் யார் பாதிக்கப்படுவார், யார் பொறுப்பு என்பதை எந்த ஸ்கேனும் சொல்லாது.

இதைவிட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கருவி கண்டதை அப்படியே பதிவேட்டின் மேல் எழுதவிட்டால், அனுமதியில்லாமல் நடந்த மாற்றங்களும் ஓசையில்லாமல் சரியானவையாகிவிடும். ஒப்புதல் பெற்ற நிலை ஒரு பக்கம், கருவி கண்ட நிலை மறுபக்கம் என்று இரண்டும் தனித்தனியே நிற்க வேண்டும். இரண்டும் மாறுபட்டால் பொறுப்பாளருக்குக் கேள்வி போக வேண்டும். கணக்குப்பிள்ளைகள் ரொக்க இருப்பையும் புத்தக இருப்பையும் ஒப்பிடுவது இதற்குத்தான்.

சரி, மனிதர்கள் எழுதும் ஒரு பதிவேடு தலைமுறை தலைமுறையாக நம்பகத்தோடு நிற்க முடியுமா? முடியும் என்பதற்குச் சான்று செட்டிநாட்டிலேயே இருக்கிறது. தமிழில் வேதாந்தம் கற்பித்த மடமும் கொற்றவாளீசுவரர் கோயிலும் உள்ள கோவிலூரைச் சுற்றி செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார்களின் ஒன்பது கோயில்கள் இருக்கின்றன: இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு நகரத்தார் குடும்பமும் இவற்றில் ஒன்றைச் சேர்ந்தது. சில கோயில்களுக்குள் பிரிவுகளும் உண்டு. திருமணம் என்றால் மாப்பிள்ளை வீட்டுக் கோயிலிலிருந்தும் பெண் வீட்டுக் கோயிலிலிருந்தும் மாலை வர வேண்டும். இரு வீட்டாரும் இசைகுடிமானம் என்னும் திருமண ஒப்பந்தம் எழுதிக்கொள்கிறார்கள். புதுத் தம்பதி மாப்பிள்ளையின் கோயிலில் ஒரு புள்ளியாகப் பதிவாகிறார்கள். அந்தப் புள்ளிக்கு வரி உண்டு. சாதி எல்லையைக் காக்கவும் இந்த ஏடு பயன்பட்டிருக்கிறது. அந்தப் பயனை நான் போற்றவில்லை. பதிவு செய்யும் முறையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் வாழ்ந்தவர்களின் குடும்பங்களும் இந்த ஏட்டில் விடாமல் பதிந்தன. காரணம், பதிவு செய்வது திருமணத்துக்குப் பின் செய்யும் வேலையாக இல்லை. கோயிலுக்குச் சொல்லாமல் மாலை வராது. மாலை வராமல் மணம் நடக்காது. முதல் பாடம் இது: பதிவும் செயலும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருக்கின்றன. சி.எம்.டி.பி. பற்றி நான் படித்த எந்த வழிகாட்டியும் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. நம் அலுவலகங்களில் மாற்றத்துக்கு ஒரு டிக்கெட், பதிவுக்கு வேறொரு படிவம். இரண்டாவதை நிரப்பாவிட்டாலும் முதலாவது முடிந்துவிடும். அங்கேதான் ஏடு பொய்யாகத் தொடங்குகிறது. புதிய சர்வருக்கு ஐ.பி. முகவரி வேண்டுமா? பதிவு எண் இருந்தால்தான் கிடைக்கும். ஃபயர்வாலில் ஒரு வழி திறக்க வேண்டுமா? எந்தப் பதிவிலிருந்து எந்தப் பதிவுக்கு என்று சொன்னால்தான் திறக்கும். கண்காணிப்பு, பேக்கப், ஏ.எம்.சி. பில் பாஸ் ஆவது எல்லாம் பதிவைக் கடந்தே போக வேண்டும். இரவு இரண்டு மணிக்கு வரும் அவசர வேலைக்கு விதிவிலக்கு கொடுக்கலாம், மறுநாள் வேலை நேரம் முடிவதற்குள் பதிய வேண்டும் என்ற கெடுவோடு.

இரண்டாவது பாடம், மாலை இரண்டு கோயிலிலிருந்தும் வருகிறது. உறவு ஒன்றை இரு முனையும் ஒப்புக்கொண்ட பிறகே ஏட்டில் ஏறுகிறது. நம் சி.எம்.டி.பி.களில் இன்ன மென்பொருள் இன்ன டேட்டாபேஸைச் சார்ந்தது என்று ஒரு பக்கத்தவர் எழுதிவிட்டுப் போய்விடுகிறார். டேட்டாபேஸைக் கவனிப்பவருக்குத் தகவலே இல்லை. அவர் அதை வேறு சர்வருக்கு மாற்றும் இரவில்தான் உறவு வெளிப்படுகிறது. இரு பொறுப்பாளரும் ஒப்பாத உறவை ஏட்டில் சந்தேகக் குறியோடுதான் வைக்க வேண்டும்.

மூன்றாவது பாடம், ஒன்பது கோயிலும் தத்தம் புள்ளிகளைத் தாமே வைத்துக்கொள்கின்றன. எல்லாவற்றையும் விழுங்கிய ஒரே பெரிய ஏடு கிடையாது. கணினித் துறை 2007இல் வந்து சேர்ந்த இடம் இது. ஊழியர் பெயர் மனிதவளப் பிரிவின் பதிவிலிருந்து வரட்டும், வாரன்ட்டி தேதி கொள்முதல் பிரிவிலிருந்து வரட்டும், மெய்நிகர் சர்வர் விவரம் அதை உருவாக்கும் மென்பொருளிலிருந்து வரட்டும். ஒவ்வொரு விவரத்துக்கும் ஒரே ஓர் ஊற்று இருக்க வேண்டும். அது எது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். கோயில் ஏட்டில் ஒரு வீட்டின் அறை எண்ணிக்கையோ நகைக் கணக்கோ கேட்பதில்லை. தன் முடிவுக்கு வேண்டியதை மட்டுமே கேட்கிறது. நம்மவர்கள் ஒரு சர்வருக்கு நூறு புலங்கள் வைத்துப் பாதியை நிரப்பாமல் விடுகிறார்கள். ஒரு புலத்தை வைத்து யாரும் எந்த முடிவும் எடுப்பதில்லை என்றால் அதை நீக்கிவிடுவதே நேர்மை.

பொறுப்பாளர் விஷயத்தில் நம் அரசு அலுவலகப் பழக்கம் ஒன்று கைகொடுக்கும். இடமாறுதலில் போகிறவர் சார்ஜ் லிஸ்ட் எழுதி ஒப்படைக்காமல் விடுவிக்கப்பட மாட்டார். கணினிப் பதிவுகளுக்கும் பொறுப்பாளராக ஆளின் பெயருக்குப் பதில் பதவியை எழுதி, அந்தப் பதிவுகளைச் சார்ஜ் லிஸ்டில் சேர்த்துவிட்டால், ஆள் மாறினாலும் பதிவு அநாதையாகாது. சி.எம்.டி.பி. முழுவதற்கும் ஒரே ஆளைப் பொறுப்பாக்கும் வழக்கம் சரியில்லை. அவர் முறையைக் காக்கலாம். தேர்வுச் சர்வர் பற்றிய உண்மை தேர்வுப் பிரிவுக்குத்தான் தெரியும்.

கிளவுட் வந்துவிட்டது, இனி இந்த ஏடே தேவையில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. நிமிடக் கணக்கில் பிறந்து மறையும் கன்டெய்னர்களை ஒவ்வொன்றாகப் பதிவது வீண் என்பதில் அவர்கள் சொல்வது சரி. டெராஃபார்ம் போன்ற கருவிகளில் நிரலாகவே எழுதப்பட்ட கட்டமைப்பு, பதிவையும் செயலையும் ஒன்றாகக் கட்டுவதால் மாலை முறைக்கு மிக நெருங்கியது. ஆனால் அந்த நிரலுக்கு வெளியே ஒருவர் கன்சோலில் நுழைந்து கையால் மாற்றிவிட்டால் பழைய நோய் திரும்பிவிடும். கணக்குக்குச் சொந்தக்காரர் யார், எந்தச் சேவைக்காக மாதாமாதம் பில் வருகிறது, அதில் யாருடைய விவரங்கள் இருக்கின்றன என்ற கேள்விகளும் கிளவுடில் கரைந்துவிடுவதில்லை. மென்பொருளுக்குள் இருக்கும் உதிரிகளைப் பட்டியலிடச் சொல்லி இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு முகமையான செர்ட்-இன் 2024 அக்டோபரில் வழிகாட்டி வெளியிட்டதைப் பார்த்தால், ஏடு இன்னும் ஆழமாகப் போக வேண்டியிருக்கிறது என்றே தோன்றுகிறது. எதைப் பதிவது என்பது மாறுகிறது. தேவை அப்படியே நிற்கிறது.

நம்பகத்தை அளக்க ஒரு வழி எனக்குப் போதுமானதாகப் படுகிறது. ஏட்டிலிருந்து இருபது பதிவுகளை எடுத்து, பொருளைத் தேடிப் போங்கள். பிறகு கட்டடத்துக்குள் கண்ணில் படும் இருபது கருவிகளை எடுத்து, ஏட்டைத் தேடுங்கள். முதலாவது சோதனை பேய்ப் பதிவுகளைக் காட்டும். இரண்டாவது விடுபட்டவற்றைக் காட்டும். முதலாவதை மட்டும் செய்து திருப்தி அடைபவர்கள் அதிகம். ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது, கணக்கில் வராத கருவிக்குப் பேட்ச் போடுவார் யாரும் இல்லை என்பதால். ஹெல்ப்டெஸ்க் டிக்கெட்டுகளையும் பாருங்கள். எந்தக் கருவி என்ற இடத்தில் 'மற்றவை' என்று நிரப்பிய டிக்கெட்டுகள் கூடிக்கொண்டே போனால், ஏட்டில் தேடினால் கிடைக்காது என்று ஊழியர்கள் முடிவுகட்டிவிட்டார்கள் என்று பொருள்.

காரைக்குடி வட்டாரத்தில் கல்லூரியோ மருத்துவமனையோ கூட்டுறவுச் சங்கமோ நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெரிய மென்பொருள் வாங்கும் வரை காத்திருக்க வேண்டாம். நின்றுபோனால் மக்கள் வாசலில் வந்து நிற்கும் ஒரே ஒரு சேவையைத் தேர்ந்தெடுங்கள். அடுத்த ஆண்டுச் சரிபார்ப்பின்போது அந்தச் சேவை தொடும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே ஸ்டாக் ரிஜிஸ்டரில் இரண்டு பத்திகள் சேருங்கள்: இது எதைத் தாங்குகிறது, எந்தப் பதவி இதற்குப் பொறுப்பு. அந்த இரண்டும் நிரம்பாத பொருளின் ஏ.எம்.சி. பில்லில் கையெழுத்துப் போடாதீர்கள்.